முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு?

எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய பிரேக் முக்கியமல்ல. முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு சரியாகப் பிரித்த பிரேக்தான் முக்கியம். லோட்டஸ் செவன், எலீஸ் கார்களை முன்வைத்து ஒரு சிறப்புப் பார்வை.

பிரிட்டனின் கேட்டர்ஹாம் நிறுவனம் 2021-ல், லோட்டஸ் செவன் வழிவந்த 'செவன் 170' என்ற காரை வெளியிட்டது. அதன் பந்தய ரகத்தின் எடை 440 கிலோ. நம் ஊர் மாருதி ஆல்ட்டோவின் எடையில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. எஞ்சின், சுசூகியின் 660 சிசி. முறையான கதவோ உலோகக் கூரையோ கிடையாது. உட்கார்ந்தபடியே கையை நீட்டினால் தார்ச்சாலையைத் தொட்டுவிடலாம்.

இந்த ரகக் காரை வாங்குகிறவர்கள் அதை அப்படியே விட்டுவைப்பதில்லை. முதலில் எஞ்சினில் கை வைப்பார்கள், அடுத்து பிரேக்கில். சிவப்பு பெயின்ட் அடித்த நான்கு பிஸ்டன் காலிப்பர், துளை போட்ட அகலமான டிஸ்க் என்று முன் சக்கரங்களுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பார்கள். மாட்டி முடித்ததும் பெடலைத் தொட்டாலே கார் பிடிப்பது போலத் தோன்றும். ஆனால் டேப் வைத்து அளந்து பார்த்தால், முன்பைவிடச் சில மீட்டர் தள்ளித்தான் நிற்கும். காசைக் கொட்டியும் ஏன் இப்படி ஆகிறது?

நிறுத்துவது டயர்தான்

பிரேக்கின் வேலை சக்கரத்தின் சுழற்சியை மட்டுப்படுத்துவது. காரை நிறுத்துவது, டயருக்கும் சாலைக்கும் நடுவே உள்ள பிடிப்பு. சக்கரத்தை லாக் செய்யும் அளவுக்குப் பிரேக்கில் பலம் இருந்துவிட்டால், அதற்கு மேல் சேர்க்கும் பலத்தால் நிற்கும் தூரம் குறையாது. எடை குறைந்த காரில் நிறுவனம் பொருத்திய சாதாரண பிரேக்குக்கே அந்தப் பலம் உண்டு. எனவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: நான்கு டயர்களும் தங்களால் முடிந்த அளவு பிடிப்பை முழுதாகக் கொடுக்கின்றனவா?

பிரேக் அடிக்கும்போது காரின் எடை முன்னால் சாயும். பின் சக்கரங்கள் லேசாகும், முன் சக்கரங்கள் கனக்கும். எவ்வளவு சாயும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. காரின் எடை மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே எவ்வளவு நீளம், எவ்வளவு வேகமாக நிறுத்துகிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுநரோடு சேர்த்து 625 கிலோ எடையுள்ள ஒரு செவன். நிற்கும்போது எடை முன்னும் பின்னும் சரிபாதி. சக்கரங்களுக்கு இடையே சுமார் 2.2 மீட்டர். எடை மையத்தின் உயரம் 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த சாலையில் நல்ல டயரோடு, புவியீர்ப்புக்குச் சமமான வேகத்தில், அதாவது 1 'ஜி' அளவில் நிறுத்தினால் சுமார் 112 கிலோ எடை பின்னாலிருந்து முன்னால் போகும். சரிபாதியாக இருந்தது 68-க்கு 32 ஆகிவிடும். பிரேக்கின் பலமும் அதே 68-க்கு 32 விகிதத்தில் பிரிந்திருந்தால் நான்கு டயர்களும் ஒரே சமயத்தில் தங்கள் எல்லையைத் தொடும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து கார் சுமார் 39 மீட்டரில் நிற்கும்.

இப்போது முன் காலிப்பரை மட்டும் மாற்றுகிறோம். 48 மில்லிமீட்டர் பிஸ்டன் இருந்த இடத்தில் 54 மில்லிமீட்டர். பார்க்க ஆறு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பரப்பளவோ 27 சதவீதம் கூடிவிடுகிறது. பங்கு 73-க்கு 27 என்று ஆகிறது. முன் டயர்கள் முந்திக்கொண்டு லாக் ஆகிவிடும். அந்த நேரத்தில் பின் டயர்களிடம் பிடிப்பு மிச்சமிருக்கும், ஆனால் அதைப் பயன்படுத்த வழியில்லை. கார் 1 ஜி-க்குப் பதில் 0.91 ஜி அளவில்தான் நிற்கும். 39 மீட்டர் 43 மீட்டராகிறது. பெரிய பிரேக் வாங்கிக் கொடுத்த பரிசு, கூடுதலாக நான்கு மீட்டர்.

பின் சக்கரம் முந்தினால் ஆபத்து

சரி, பின்னால் பலத்தைக் கூட்டிவிட்டால்? அது இன்னும் மோசம். லாக் ஆன டயர் தரையில் தேய்ந்து போகுமே தவிர, பக்கவாட்டில் பிடித்து நிற்காது. முன் டயர்கள் லாக் ஆனால் ஸ்டியரிங் வேலை செய்யாது, கார் நேராகப் போகும். காலைச் சற்று எடுத்தால் பிடி திரும்பிவிடும். பின் டயர்கள் லாக் ஆனால் காரின் பின்புறம் முன்னால் வரப் பார்க்கும். கண் இமைக்கும் நேரத்தில் கார் சுழன்றுவிடும். ஏபிஎஸ் இல்லாத, குட்டையான, எடை குறைந்த காரில் அதைத் திருப்பிப் பிடிக்கத் தேர்ந்த ஓட்டுநராலும் எல்லா நேரமும் முடியாது.

அதனால்தான் முன் சக்கரங்களே முதலில் லாக் ஆக வேண்டும், ஆனால் மயிரிழை வித்தியாசத்தில் ஆக வேண்டும் என்பது பிரேக் வடிவமைப்பின் அடிப்படை விதி. பிரிட்டனில் வீட்டிலேயே பூட்டிய கிட் கார்கள் சாலைக்கு வருமுன் 'ஐ.வி.ஏ.' என்ற தனி வாகன ஒப்புதல் சோதனையில் தேற வேண்டும். 2009-ல் வந்த முறை இது. ரோலர் மீது சக்கரங்களை ஏற்றிப் பிரேக் பலத்தை அளந்து, பின் சக்கரம் முந்துமா என்று அதில் பார்க்கிறார்கள். பங்கைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால் அதை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டிவைக்கவும் வேண்டும்.

டிரம்மிலிருந்து டிஸ்க்குக்கு

லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் 1957-ல் செவன் காரை அறிமுகப்படுத்தியபோது நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். அவர் காரின் எடையை கிராம் கிராமாகக் குறைத்தவர். எடை குறைந்தால் எஞ்சின், டயர், பிரேக் எல்லாமே சின்னதாக இருந்தால் போதும் என்பது அவர் கொள்கை.

டிஸ்க் பிரேக் அப்போது புதிய கண்டுபிடிப்பல்ல. பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஃபிரெடெரிக் லான்செஸ்டர் 1902-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அதன் அருமையை உலகுக்குக் காட்டியது பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயம். 1953-ல் டன்லப் டிஸ்க் பிரேக்கோடு வந்த ஜாகுவார் சி-டைப் கார்கள் முதல், இரண்டாம், நான்காம் இடங்களைப் பிடித்தன. டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் ஓட்டிய கார், அந்தப் பந்தய வரலாற்றில் முதன்முறையாகச் சராசரி வேகத்தில் மணிக்கு 100 மைலைத் தாண்டியது. டிரம் பிரேக் வைத்த போட்டியாளர்கள் நேர்ச்சாலையின் முடிவில் முன்கூட்டியே காலை அழுத்த வேண்டியிருந்தது. ஜாகுவார் ஓட்டுநர்கள் வளைவுக்கு மிக அருகே வரை வேகத்தை விடாமல் போனார்கள்.

டிரம்மின் பலவீனம் சூடு. டிரம் சூடாகி விரியும்போது ஷூவை விட்டு விலகிப் போகும், பெடல் ஆழமாக இறங்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. சுழலும் டிரம் ஒரு ஷூவைத் தன்னோடு இழுத்துக்கொண்டு இறுக்கும். அதனால் கால் அழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் பலம் கூடாது. முன்-பின் பங்கைக் கச்சிதமாக வைக்க நினைப்பவருக்கு இது பெரிய தலைவலி. டிஸ்க்கில் அழுத்தத்துக்கு ஏற்ற பலம் அப்படியே கிடைக்கும்.

அறுபதுகளின் தொடக்கத்தில், செவனின் 'சூப்பர் செவன்' ரகத்தில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் வந்தது. பின்னால் டிரம் தொடர்ந்தது. பின் சக்கரங்களின் பங்கு மூன்றில் ஒன்றுதான் என்பதால் அது போதுமானதாகவே இருந்தது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களின் டிஸ்க் பிரேக்கில் பெரும்பாலும் காணப்பட்ட பெயர் கெர்லிங். அந்த கெர்லிங்கின் தாய் நிறுவனமான லூகாஸோடு டி.வி.எஸ். குழுமம் கைகோத்து 1962-ல் தொடங்கியதுதான் சென்னை பாடியில் இருக்கும் பிரேக்ஸ் இந்தியா.

செவன் காரின் உரிமையை 1973-ல் கேட்டர்ஹாம் வாங்கியது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அதே வடிவத்தில் அந்தக் கார் வந்துகொண்டிருக்கிறது.

எலீஸ் போட்ட வேறு கணக்கு

1996-ல் விற்பனைக்கு வந்த லோட்டஸ் எலீஸ், முன்-பின் கணக்கை வேறு விதமாகப் போட்டது. ஒட்டுப்பசையால் இணைத்த அலுமினிய சேஸிஸ் 68 கிலோ மட்டுமே. மொத்தக் கார் சுமார் 720 கிலோ. எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் இருப்பதால் நிற்கும்போதே எடையில் சுமார் 60 சதவீதம் பின் சக்கரங்கள் மேல். முழு பிரேக்கில் எடை முன்னால் சாய்ந்த பிறகும் முன்னுக்கு 60, பின்னுக்கு 40 என்ற அளவில்தான் நிற்கும். எனவே பின் பிரேக்குக்கும் கணிசமான வேலை. எலீஸின் முன், பின் டிஸ்க்குகள் இரண்டும் ஒரே அளவு, 282 மில்லிமீட்டர். காலிப்பர்தான் வேறு வேறு.

முதல் எலீஸ்களின் டிஸ்க் இரும்பே அல்ல. அலுமினியத்தில் சிலிக்கன் கார்பைடு துகள் கலந்து வார்த்தவை. அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். கனமான காரில் அப்படி ஒரு டிஸ்க்கை நினைத்துப் பார்க்க முடியாது. எலீஸ் லேசானது, பிரேக் அவ்வளவு சூடாகாது என்ற துணிச்சலில்தான் லோட்டஸ் அதைப் பொருத்தியது. சில ஆண்டுகளில், டிஸ்க் செய்து கொடுத்த நிறுவனம் தயாரிப்பை நிறுத்தியதும், லோட்டஸ் வார்ப்பிரும்புக்கே திரும்பியது.

அந்த எலீஸில் ஏபிஎஸ் கிடையாது, பிரேக் பூஸ்டரும் கிடையாது. கால் கொடுக்கும் விசை மட்டுமே. லேசான காருக்கு அது போதும். கூடவே, டயர் எந்த நொடியில் வழுக்கத் தொடங்குகிறது என்பது பெடல் வழியாகவே பாதத்துக்குத் தெரிந்துவிடும்.

பெடல் முதல் பேடு வரை

பூஸ்டர் இல்லாத காரில் ஒவ்வொரு பாகத்தின் அளவையும் கணக்குப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். பெடலின் நெம்புகோல் விகிதம் ஐந்துக்கு ஒன்று என்றால், 30 கிலோ விசையோடு மிதிக்கும் கால் மாஸ்டர் சிலிண்டரை 150 கிலோ விசையோடு தள்ளும். சிலிண்டரின் விட்டம் 0.7 அங்குலமாக இருந்தால் பைப்பில் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 60 கிலோ அழுத்தம் கிடைக்கும். சற்றுச் சிறிய, 5/8 அங்குல சிலிண்டரைப் போட்டால் அழுத்தம் 76 கிலோவாக ஏறும்.

மாஸ்டர் சிலிண்டர் சின்னதானால் பிரேக் பலம் கூடும் என்பது பலருக்கு நம்பக் கடினமாக இருக்கும். அதற்கு விலையும் உண்டு. சிறிய சிலிண்டர் ஒரு மிதிக்குத் தள்ளும் ஆயில் குறைவு, ஆகவே பெடல் அதிக தூரம் இறங்கும். பெரிய பிஸ்டன் உள்ள காலிப்பரைப் போட்டாலும் இதே கதைதான். காலிப்பரை மாற்றிவிட்டு சிலிண்டரை அப்படியே விட்டால், பாதிப் பெடல் கீழே போன பிறகே பிடிக்கத் தொடங்கும். அதை பைப்பில் காற்று புகுந்த 'ஏர் லாக்' என்று நினைத்து, காற்றை வெளியேற்ற மறுபடி மறுபடி பிளீடிங் செய்து சலித்துப்போனவர்கள் உண்டு.

மூன்று மில்லிமீட்டர் வித்தை

பந்தயக் கார்களில் பங்கு பிரிக்கும் வேலையைச் செய்வது பேலன்ஸ் பார். பிரேக் பெடலின் தண்டில் குறுக்கே ஒரு குழாய் பற்றவைத்திருப்பார்கள். குழாய்க்குள் ஓர் உருண்டை பேரிங். அதன் நடுவே மறை போட்ட ஒரு கம்பி. கம்பியின் இரு முனைகளும் தனித்தனி மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும். ஒன்று முன் பிரேக்குக்கு, மற்றொன்று பின் பிரேக்குக்கு.

பேரிங் நடுவில் இருந்தால் காலின் விசை சரிபாதியாகப் பிரியும். கம்பியைத் திருகினால் பேரிங் ஒரு பக்கமாக நகரும். எந்த சிலிண்டருக்கு அருகே நகர்கிறதோ அதற்குக் கூடுதல் விசை. இரு முனைகளுக்கும் நடுவே 60 மில்லிமீட்டர் இருந்து, பேரிங் மூன்றே மில்லிமீட்டர் நகர்ந்தால், 50-50 என்றிருந்தது 55-45 ஆகிவிடும். பந்தயக் காரில் இந்தக் கம்பியோடு ஒரு கேபிளை இணைத்து, டேஷ்போர்டில் குமிழ் வைத்திருப்பார்கள். ஓட்டுநர் ஓடும்போதே திருகிக்கொள்ளலாம்.

பொருத்துவதில் நுணுக்கம் உண்டு. பிரேக்கை முழுதாக மிதித்த நிலையில் கம்பி பெடலுக்கு நேர் குறுக்காக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் முனைகள் உராய்ந்து சிக்கிக்கொள்ளும், பங்கு மிதிக்கு மிதி மாறும். ஒரு பக்கத்து ஆயில் கசிந்து போனாலும் மற்றப் பக்கம் வேலை செய்யும்படி கம்பியின் சாய்வுக்கு எல்லையும் இருக்க வேண்டும்.

அந்தக் குமிழை ஏன் அடிக்கடி திருக வேண்டும்? மழை ஒரு காரணம். ஈரச் சாலையில் 0.5 ஜி அளவுக்குத்தான் நிறுத்த முடியும். எடை பாதி அளவே சாயும். நம் செவன் காரில் முன் சக்கரங்களின் தேவை 68 சதவீதத்திலிருந்து 59 ஆகக் குறையும். எனவே மழையில் பங்கைப் பின்பக்கம் கொஞ்சம் தள்ளுவார்கள். சாலை காய்ந்ததும் முன்னால் கொண்டுவர மறந்தால் பின் சக்கரம் லாக் ஆகிக் கார் சுழலும்.

பலர் யோசிக்காத இன்னொன்று, டயர். அதிகப் பிடிப்புள்ள பந்தய டயர் போட்டு 1.2 ஜி அளவில் நிறுத்தினால், முன் சக்கரங்களின் தேவை 72 சதவீதத்தை நெருங்கும். 68-ல் கச்சிதமாக இருந்த காரில் இப்போது பின் சக்கரம் முந்தும். நல்ல டயர் போட்ட பிறகுதான் கார் ஆபத்தாகிறது. பக்கத்து இருக்கையில் ஒருவர் ஏறினாலும் கணக்கு மாறும். ஒன்றரை டன் காருக்கு 75 கிலோ ஒரு பொருட்டல்ல. 625 கிலோ காருக்கு அது எட்டில் ஒரு பங்கு. அதுவும் செவனில் இருக்கைகள் பின் அச்சுக்குச் சற்று முன்னேதான்.

சூடு எவ்வளவு?

மணிக்கு 160 கிலோமீட்டரில் வரும் நம் 625 கிலோ காரை நிறுத்தினால் சுமார் 617 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாறும். முன் டிஸ்க் ஒவ்வொன்றும் நான்கு கிலோ என்றால், ஒரு முறை நிறுத்துவதில் சுமார் 115 டிகிரி சூடு ஏறும். அதே டிஸ்க் 1,500 கிலோ காரில் இருந்தால் 270 டிகிரிக்கு மேல் ஏறும். கனமான காருக்குப் பெரிய டிஸ்க் தேவைப்படுவதற்குக் காரணம் இந்தச் சூடுதான். லேசான காரில் பெரிய டிஸ்க் போட்டால் சூட்டைக் குறைப்பதைவிட எடையைக் கூட்டுவதுதான் அதிகம். அதுவும் ஸ்பிரிங்குக்குக் கீழே, சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் எடை. மேடு பள்ளத்தில் டயர் தரையோடு ஒட்டி ஓடுவதை அது கெடுக்கும்.

பேடு விஷயத்தில் சிக்கல் தலைகீழ். கடினமான பந்தய பேடுகள் நன்றாகச் சூடான பிறகே சரியாகப் பிடிக்கும். லேசான காரில், அதுவும் சாலையில், அந்தச் சூடு வரவே வராது. காலையில் வண்டியை எடுத்த முதல் சிக்னலில் மரக்கட்டையால் பிடிப்பது போல இருக்கும். முன்னால் ஒரு ரகம், பின்னால் வேறு ரகம் என்று பேடு போட்டால் சூடு ஏற ஏறப் பங்கும் மாறிக்கொண்டே போகும்.

உண்மையில் எவ்வளவு சூடாகிறது என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. டிஸ்க்கின் விளிம்பில் வெப்பம் காட்டும் பெயின்ட்டை மூன்று கோடுகளாகப் பூசுவார்கள். பச்சை 430 டிகிரியிலும், ஆரஞ்சு 560-லும், சிவப்பு 610-லும் நிறம் மாறும். பந்தயத் தடத்தில் நாள் முழுக்க ஓட்டிவிட்டு வந்தும் பச்சை அப்படியே இருந்தால், பெரிய டிஸ்க் வாங்க வைத்திருந்த காசைப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

சூடு பாதிக்கும் இன்னொன்று, பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தால் அந்த எல்லை 155-க்கு இறங்கலாம். டாட் 5.1-க்கு இவை 260, 180. கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், பெடல் தரை வரை போகும், பிரேக் பிடிக்காது.

செலவழிக்கும் முன்

எடை குறைந்த காரின் பிரேக்கை மேம்படுத்த நினைப்பவர்கள் இந்த வரிசையில் போவது நல்லது:

• முதலில் பழைய ஆயிலை மாற்றுங்கள், சரியாக பிளீடிங் செய்யுங்கள். ஜாம் ஆன பிஸ்டன், தேய்ந்த டிஸ்க் இருந்தால் சரிபாருங்கள்.

• அடுத்து டயர். நிற்கும் தூரத்தை உண்மையில் குறைப்பது அதுதான். டயரை மாற்றினால் முன்-பின் பங்கையும் மறுபடி சோதியுங்கள்.

• பிறகு பேடு. உங்கள் உபயோகத்தில் ஏறும் சூட்டுக்கு ஏற்ற ரகத்தைத் தேர்ந்தெடுங்கள். முன், பின் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள்.

• பெயின்ட் சோதனையில் சூடு எல்லை மீறினால் மட்டும் டிஸ்க், காலிப்பர் பக்கம் போங்கள். பிஸ்டன் பரப்பு மாறினால் மாஸ்டர் சிலிண்டரையும் கணக்குப் பாருங்கள்.

• எதை மாற்றினாலும், போக்குவரத்து இல்லாத மூடிய தடத்தில், குறைந்த வேகத்தில் தொடங்கிச் சோதியுங்கள். வெளியே ஒருவர் நின்று எந்தச் சக்கரம் முதலில் லாக் ஆகிறது என்று பார்க்கட்டும். பின் சக்கரம் என்றால் அந்தக் காரைச் சாலைக்கு எடுக்காதீர்கள்.

கேட்டர்ஹாமோ எலீஸோ நம்மில் பெரும்பாலோர் வாங்கப்போவதில்லை. ஆனால் விதி எல்லாக் காருக்கும் ஒன்றுதான். பழைய ஜிப்ஸிக்கோ மாருதி 800-க்கோ முன்னால் மட்டும் பெரிய பிரேக் மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், மாட்டிய பிறகு முன்-பின் பங்கு எவ்வளவு இருக்கும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் காரை விடாதீர்கள்.